புயல் ஓய்ந்த மறுநாள்

செப்டம்பர் 8. அன்னை மரியாளின் பிறப்பு விழா. வேளாங்கண்ணித் திருத்தலத்தில் கடலோரம் கூடும் இலட்சோப இலட்சம் மக்கள் ஆரோக்கிய அன்னையைப் போற்றிப் புகழும் நாள். அதே நாளில், உலகின் வெவ்வேறு பகுதிகளில் பணிபுரியும் ஒரு துறவற சபையின் கன்னியர், பழைய பிரெஞ்சுப் பாடலொன்றை ஆண்டுதோறும் தவறாது பாடி வருகின்றனர். ‘அலைகளின் அரசி’ என்பது அதன் பெயர். அன்னையின் பிறப்பை வாழ்த்துவதற்காக மட்டுமன்று, இறந்தோரை நினைவுகூர்வதற்காகவும் அவர்கள் அதனைப் பாடுகின்றனர். 1900-ஆம் ஆண்டு, இதே செப்டம்பர் 8-ஆம் நாள், அவர்களுடைய சபையைச் சேர்ந்த 10 கன்னியரும், அவர்களது அரவணைப்பில் வாழ்ந்த 90 அநாதைக் குழந்தைகளும் ஒரே மாலைப் பொழுதில் கடலுக்கு இரையாயினர்.

அவர்கள் வாழ்ந்த இடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை நோக்கிக் கிடக்கும் கால்வெஸ்டன் தீவு. நம் வங்கக் கடலில் எழுவதை நாம் புயல் என்றும் சூறாவளி என்றும் அழைக்கிறோம். அந்நாட்டினர் அதனையே ‘ஹரிக்கேன்’ என்கின்றனர். பெயர்தான் வேறு, சுழலும் காற்றும் பொங்கும் கடலும் ஒன்றே.

புயலின் சீற்றத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் ஒரு வாரம் எழுதும். பிறகு உலகம் வேறு செய்திகளை நாடிச் சென்றுவிடும். ஆனால் வீடிழந்தவனுக்குப் புயல் ஓய்ந்த மறுநாள்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது. இறந்தோரை யார் அடக்கம் செய்வது? இருப்போருக்கு யார் உணவளிப்பது? மீண்டும் இதே இடத்தில் குடியேறலாமா? குடியேறினால் அடுத்த புயலில் உயிர் தப்புவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு ஒரே வளைகுடாவின் கரையிலுள்ள இரண்டு நகரங்கள் அளித்த விடைகளை இவ்விதழில் நாம் சற்று விரிவாகக் காண்போம்.

மணல் மேட்டில் ஒரு மாநகர்

1900-ஆம் ஆண்டில் கால்வெஸ்டன் செல்வம் கொழித்த துறைமுகம். பருத்தி ஏற்றுமதியால் பெருத்த வணிகர்களின் மாளிகைகள் அதன் தெருக்களை அணிசெய்தன. மக்கள்தொகை ஏறத்தாழ 38,000. ஆயின் அத்தனை சிறப்புக்கும் அடித்தளமாக இருந்தது வெறும் மணல் திட்டு. அந்நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 9 அடியைத் தொடவில்லை. கடற்கரையில் இயற்கை எழுப்பியிருந்த மணற்குன்றுகளையும், நகரின் பள்ளங்களை நிரப்புவதற்காக மக்கள் வெட்டி எடுத்துவிட்டனர்.

கடற்சுவர் ஒன்று கட்ட வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே எழுந்ததுண்டு. 1886-இல் அதே கரையிலிருந்த இந்தியனோலா என்னும் துறைமுக நகரைப் புயலொன்று இரண்டாம் முறையாகத் தாக்கி, அதனை மக்களே கைவிட்டுச் செல்லும்படி செய்தது. அதைக் கண்டும் கால்வெஸ்டன் விழித்துக்கொள்ளவில்லை. நகரின் வானிலை அலுவலராயிருந்த ஐசக் க்ளைன், 1891-இல் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், பெரும்புயல் கால்வெஸ்டனைச் சேதப்படுத்தும் என்ற அச்சம் அறிவுக்குப் பொருந்தாத மயக்கமே என்று கூறினார். கற்றவர் சொல் அல்லவா? மக்கள் நிம்மதியடைந்தனர். சுவர் எழவில்லை.

மேகங்களைப் படித்த குருக்கள்

இங்கே நம் திருச்சபையின் வரலாற்றோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். கியூபா நாட்டின் ஹவானா நகரில் இயேசு சபையினர் நடத்திய பெலேன் கல்லூரியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இருந்தது. 1870-இல் அதன் தலைமையை ஏற்றவர் ஸ்பெயின் நாட்டவரான அருட்தந்தை பெனிட்டோ வீன்யேஸ். வானின் உச்சியில் இழையிழையாகப் படரும் மேகங்களின் போக்கையும் காற்றழுத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, கண்ணுக்கெட்டாத் தொலைவிலுள்ள புயலின் திசையைக் கணிக்கும் முறையை அவர் வகுத்தார். 1875 செப்டம்பரில் அவர் வெளியிட்ட எச்சரிக்கை, புயல் முன்னறிவிப்பு வரலாற்றில் ஒரு முதல் மைல்கல். 1893-இல் அவர் மறைந்தபின் அருட்தந்தை லொரென்சோ கங்கோய்த்தே அப்பணியைத் தொடர்ந்தார்.

1900-இல் கியூபா அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. கியூபாவின் வானிலையாளர்கள் தேவையற்ற பீதியைக் கிளப்புகின்றனர் என்று கருதிய அமெரிக்க அதிகாரிகள், புயல் பருவத்தின் நடுவே அவர்களுடைய வானிலைச் செய்திகள் தந்தி வழியே செல்லாதவாறு தடை விதித்தனர். செப்டம்பர் முதல் வாரத்தில் புயல் கியூபாவைக் கடந்தது. அது வடக்கே திரும்பி அட்லாண்டிக் கரையை நோக்கிச் செல்லும் என்று வாஷிங்டன் முடிவு செய்தது. அது வளைகுடாவுக்குள் நுழைந்து டெக்சாசை நோக்கிச் செல்லும் என்று ஹவானா கணித்தது. ஹவானாவின் கணிப்பே பலித்தது. பல்லாண்டு உழைப்பில் விளைந்த அறிவு பக்கத்து நாட்டில் இருந்தும், அதனைக் கேட்கும் பணிவு இல்லாமற் போயிற்று. அதற்கு விலை கொடுத்தோர் அத்தடையை விதித்தவர்கள் அல்லர்.

இல்லத்தின் கடைசி மாலை

மனுவுருவான வார்த்தையின் அன்புச் சகோதரிகள் சபையினர், ஆயர் குளோடு துபுயியின் அழைப்பை ஏற்று 1866-இல் பிரான்சிலிருந்து கால்வெஸ்டனுக்கு வந்தவர்கள். மஞ்சள் காய்ச்சல் பெற்றோரைக் கொண்டு சென்ற காலங்களில் ஆதரவற்று நின்ற பிள்ளைகளுக்காக அவர்கள் நடத்திய தூய மரியா அநாதை இல்லம், நகருக்கு மேற்கே 3 மைல் தொலைவில் கடற்கரையை ஒட்டியிருந்தது. நகரின் நெருக்கடியும் நோயும் அண்டாத நல்ல காற்று வேண்டும் என்பதற்காகவே அவ்விடம் தெரிந்துகொள்ளப்பட்டது.

அச்சனிக்கிழமை காலையில் அருட்சகோதரி எலிசபெத் ரையன் உணவுப் பொருள் வாங்குவதற்காக வண்டியுடன் நகருக்குச் சென்றிருந்தார். வானம் கறுப்பதைக் கண்ட மடத்துத் தாயார், புயல் ஓயும்வரை மருத்துவமனையிலேயே தங்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். தாம் திரும்பாவிட்டால் பிள்ளைகளுக்கு இரவு உணவு இராது என்று கூறி அவர் வண்டியைத் திருப்பினார்.

மாலையில் கடல் இல்லத்தின் சுவரைத் தொட்டது. தலைமைச் சகோதரி கமில்லஸ் ட்ரேசி, பிள்ளைகள் அனைவரையும், இரு கட்டடங்களுள் உறுதி மிக்கதாயிருந்த சிறுமியர் கட்டடத்தின் சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்றார். நீர் ஏற ஏற மாடிக்குச் சென்றனர். அச்சத்தால் நடுங்கிய பிள்ளைகளை அமைதிப்படுத்தக் கன்னியர் ‘அலைகளின் அரசி’ பாடலைத் தொடங்கினர். துணி உலர்த்தும் கயிற்றை வேலையாள் ஒருவர் கொண்டுவர, ஒவ்வொரு சகோதரியும் ஆறு முதல் எட்டுப் பிள்ளைகளைத் தம் இடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். சிறுவர் கட்டடம் முதலில் வீழ்ந்தது. பின்னர் அவர்கள் இருந்த கட்டடத்தின் கூரையும் சரிந்தது. அங்கிருந்த 93 பிள்ளைகளுள் மூன்று சிறுவர் மட்டுமே, நீரில் மிதந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினர். நடந்ததை உலகுக்குச் சொன்னவர்கள் அவர்களே. சில நாள்களுக்குப்பின் கன்னியரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது, பிள்ளைகள் அவர்களோடு கட்டப்பட்டபடியே இருந்தனர். கரம் பற்றிய பிள்ளையைக் கைவிட மாட்டோம் என்ற உறுதியை மரணமும் அவிழ்க்கவில்லை.

ஆண்டவனின் அன்னையைப் பாடிக்கொண்டிருந்த குழந்தைகளை ஆண்டவன் ஏன் காக்கவில்லை? இவ்வினாவை எழுப்பாமல் இவ்வரலாற்றைக் கடந்து செல்பவர் விசுவாசி அல்லர், கல்நெஞ்சர் என்றே நாம் சொல்வோம். அதற்கு எளிதான விடை எதனையும் தர நாம் துணியவில்லை. சிலுவையடியில் நின்ற அன்னைக்கும் எவரும் விளக்கம் தரவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. அந்த இரவைத் தண்டனை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வெட்டி எடுக்கப்பட்ட மணற்குன்றும், கட்டப்படாத சுவரும், தடுக்கப்பட்ட எச்சரிக்கையும் மனிதரின் செயல்கள். அவற்றின் பழியை இறைவன்மேல் ஏற்றுவது நேர்மையாகாது.

மூச்சு விட மறந்த நகரம்

அன்றிரவு கடல் 15 அடிக்கு மேல் உயர்ந்தது. ஒரு கட்டத்தில் நான்கே நொடிகளில் நீர்மட்டம் நான்கடி ஏறியதாக ஐசக் க்ளைன் தமது அறிக்கையில் எழுதினார். பாதுகாப்பானது என்று நம்பி அவர் வீட்டில் அடைக்கலம் புகுந்த ஏறத்தாழ 50 பேரில் பெரும்பாலோர் மாண்டனர். அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர். 3,600-க்கும் மேற்பட்ட வீடுகள் சுவடின்றி அழிந்தன. இறந்தோர் 6,000 முதல் 8,000 வரை என்பர். தீவின் பிற பகுதிகளையும் சேர்த்தால் இன்னும் மிகுதி என்போரும் உளர். அமெரிக்க வரலாற்றில் இயற்கைச் சீற்றமொன்றில் இத்துணை உயிர்கள் மடிந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஞாயிறு விடிந்தது. உர்சுலைன் கன்னியரின் மடத்தில் நூற்றுக்கணக்கானோர் அடைக்கலம் பெற்றிருந்தனர். திரு இருதய ஆலயம் இடிந்து கிடந்தது. பேராலயத்தின் கோபுரத்தில் கடல்நோக்கி நின்ற ‘கடலின் விண்மீன்’ அன்னையின் சுரூபம் மட்டும் அசையாது நின்றது. அந்த ஞாயிறன்றே நகர மேயர் ஒரு துயர்துடைப்புக் குழுவை அமைத்தார். நகரம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டந்தோறும் ஒருவர் உணவுப் பங்கீட்டுக்குப் பொறுப்பேற்றார். பேராலயப் பங்குத்தந்தை ஜேம்ஸ் கிர்வினும், யூத குரு ஹென்றி கோகனும் தோளோடு தோள் நின்று உழைத்தனர். இரு சமயத்தாரிடையே உறவு அரிதாயிருந்த அக்காலத்தில், அவர்களின் நட்பு அந்நகரில் ஒரு பழமொழிபோல் நிலைத்தது.

இறந்தோரை அடக்கம் செய்வதே முதற்பெரும் இன்னல். செப்டம்பர் வெயிலில் ஆயிரக்கணக்கான உடல்கள். தோண்டினால் நீர் ஊறும் மண். ஏறத்தாழ 700 உடல்களைப் பெரும்படகில் ஏற்றிக் கடலில் இட்டனர். மறுநாள் அலைகள் அவற்றைக் கரையில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தன. வேறு வழியின்றி, கிடைத்த இடத்திலேயே சிதை மூட்டினர். அந்த நெருப்பு வாரக்கணக்கில் எரிந்தது. இப்பணிக்குக் கறுப்பின ஆடவர்கள் துப்பாக்கி முனையில் இழுத்துச் செல்லப்பட்டனர் என்பதையும், கொள்ளைக்காரர் என்ற பழி அவர்கள்மீதே சுமத்தப்பட்டது என்பதையும் நாம் மறைக்கலாகாது. பேரிடர் மனிதரைச் சமமாக்கும் என்பர். உண்மையில், முன்பே இருந்த அநீதியின்மேல் மூடியிருந்த திரையை அது கிழித்துக் காட்டுகிறது.

செஞ்சிலுவைச் சங்கத் தலைவி கிளாரா பார்ட்டன், தமது 78-ஆம் வயதில் தொண்டர் குழுவுடன் வந்து சேர்ந்தார். அவர் செய்த ஒரு செயல் நம் கருத்தைக் கவர்கிறது. உணவும் உடையும் அளித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. எதிர்க்கரை நிலப்பகுதியில் பயிரை இழந்த உழவர்களுக்கு இலட்சக்கணக்கான ஸ்ட்ராபெரி நாற்றுகளை வாங்கி அனுப்பினார். அடுத்த பருவத்தில் அவ்வுழவர் பிறரிடம் கையேந்தாமல், தம் கையால் பறித்த கனியை விற்றனர். உதவி என்பது கஞ்சித்தொட்டியோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கன்னியரும் ஓய்ந்துவிடவில்லை. பத்துச் சகோதரிகளை இழந்த அச்சபை, ஓராண்டு கழிவதற்குள் நகருக்குள் புதிய அநாதை இல்லத்தைத் திறந்தது.

சுவர் எழுந்தது, நகரமும் எழுந்தது

மூன்றாம் வாரத்திலேயே துறைமுகத்தில் சரக்குகள் நகரத் தொடங்கின. ஆனால் பழையபடி வாழ்வதா, புதியபடி வாழ்வதா என்ற வினா எஞ்சியது. கால்வெஸ்டன் மக்கள் புதியபடி வாழத் துணிந்தனர். மூன்று பொறியாளர்களைக் கொண்ட குழு அமர்த்தப்பட்டது. அதன் தலைவர் ஹென்றி ராபர்ட், பொதுக்கூட்டங்களை ஒழுங்காக நடத்தும் விதிகளை நூலாக எழுதி உலகப் புகழ்பெற்றவர். 1902 சனவரியில் அக்குழு இரண்டு பரிந்துரைகளை முன்வைத்தது. ஒன்று, கடலுக்கு எதிரே 17 அடி உயரத்தில் ஒரு கற்காரைச் சுவர். மற்றொன்று, நகரத்தையே உயர்த்துவது!

சுவருக்குப் பணம்? மாவட்டம் கடன் பத்திரங்களை வெளியிட்டது. அழிந்த ஊரின் பத்திரத்தை வெளியார் யார் வாங்குவர்? ஊர் மக்களே வாங்கினர். வீட்டையும் உறவையும் இழந்தவர்கள், எஞ்சிய சேமிப்பைத் தங்கள் ஊரின் நாளைய பொழுதில் முதலீடு செய்தனர். 1902 அக்டோபரில் தொடங்கிய பணி 1904-இல் நிறைவுற்றபோது 3 மைலுக்கும் மேற்பட்ட நீளத்துக்குச் சுவர் எழுந்து நின்றது. அடியில் 16 அடி, உச்சியில் 5 அடி என்று குறுகிச் செல்லும் அச்சுவரின் முகம், மோதும் அலையை மேல்நோக்கி வளைத்துத் திருப்பிவிடுமாறு குழிவாக அமைக்கப்பட்டது.

இரண்டாவது பணி கேட்போர் வியக்கும் தன்மையது. 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் திருகு ஜாக்கிகளின்மேல் தூக்கி நிறுத்தப்பட்டன. நகரின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டப்பட்டு, தூர்வாரும் கப்பல்கள் மணலும் நீருமான சேற்றைக் கொண்டுவந்து வீடுகளுக்கடியில் பாய்ச்சின. நீர் வடிய, மணல் தங்கியது. சுவரையொட்டிய பகுதியில் நிலம் பல அடி உயர்ந்தது; தொலைவு செல்லச் செல்ல உயரம் குறைந்து, பின்புற விரிகுடா நோக்கிச் சரிவாக அமைந்தது. ஏறத்தாழ 3,000 டன் எடையுள்ள தூய பத்திரிசியார் ஆலயத்தை 700 ஜாக்கிகள் கொண்டு, ஒரே சீராகத் திருகி, 5 அடி உயர்த்தினர். அதற்காக ஆலயத்தில் வழிபாடு நிற்கவில்லை! ஆண்டுக்கணக்கில் மக்கள் மரப்பலகைப் பாலங்களின்மேல் நடந்து கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் சென்றனர். தத்தம் வீட்டை உயர்த்தும் செலவை அவரவரே ஏற்றனர்.

உப்பு மணல் நிரம்பியதால் மரஞ்செடிகள் மடிந்தன. நகரம் பாலைபோல் காட்சியளித்தது. அப்போது முன்வந்தோர் பெண்கள். 1901-இலேயே சங்கம் அமைத்துச் சுகாதாரப் பணி புரிந்துவந்த அவர்கள், நல்ல மண் பரப்பி ஆயிரக்கணக்கில் மரக்கன்றுகளையும் அரளிச் செடிகளையும் நட்டனர். பொறியாளர் நகரை உயர்த்தினர். பெண்கள் அதனை மீண்டும் குடியிருக்கத்தக்க ஊராக்கினர்.

இவ்வுழைப்பின் பயன் 1915 ஆகஸ்டில் வெளிப்பட்டது. 1900-ஐ ஒத்த வலிமையுடன் மற்றொரு புயல் வந்தது. சுவருக்கு வெளியே அழிவு மிகுந்தது. சுவருக்குள் இருந்த நகரிலோ, ஆயிரங்களாகப் பலியாகியிருக்க வேண்டியோர் உயிரோடிருந்தனர்.

சுவரால் ஆகாதது

ஆயினும் இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் முடித்துவிட இயலாது. வணிகம் பாதுகாப்பான உள்நாட்டை நாடியது. 1914-இல் ஹூஸ்டனுக்குக் கப்பல் கால்வாய் திறக்கப்பட்டபின், கால்வெஸ்டன் தன் பழைய முதன்மையை மீண்டும் அடையவேயில்லை. 2008 செப்டம்பரில் ‘ஐக்’ என்ற புயல் வந்தபோது, சுவரைத் தாண்டி அன்று, சுவர் இல்லாத பின்புற விரிகுடாவின் வழியாகக் கடல் ஊருக்குள் புகுந்தது. பெண்கள் நட்ட மரங்களின் வழிவந்த நிழல்மரங்கள் உப்புநீரால் கருகி, ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. பேராலயம் மூடப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு, 2014-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. தீவின் பங்குகள் யாவும் திருக்குடும்பத்தின் பெயரால் ஒரே பங்காக இணைக்கப்பட்டன. ஏழைகளுக்காக அரசு கட்டியிருந்த 569 குடியிருப்புகள் இடிக்கப்பட்டபின், அவற்றுக்கு மாற்று எழுப்புவதா வேண்டாமா என்ற வாக்குவாதத்திலேயே ஆண்டுகள் கழிந்தன. சுவர் கடலைத் தடுக்கும். ஏழையைத் திரும்ப அழைத்து வருவது சுவரின் வேலையன்று. அது மக்களின் மனத்தைப் பொறுத்தது.

இருமுறை ஏதிலிகளானோர்

இவ்வுண்மையை நன்கு உணர, அதே வளைகுடாவின் மற்றொரு நகரான நியூ ஆர்லியன்சுக்குச் செல்வோம். 2005 ஆகஸ்ட் 29 அன்று ‘கத்ரீனா’ புயல் தாக்கியது. அந்நகரை மூழ்கடித்தது காற்று அன்று, உடைந்த கரைச்சுவர்கள். நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் ஆழ்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன.

நகரின் கிழக்குக் கோடியில் வியட்நாமிய கத்தோலிக்கர் வாழும் குடியிருப்பு ஒன்று உண்டு. அவர்களுள் முதியோர் 1954-இல் வட வியட்நாமிலிருந்து தெற்கே ஓடியவர்கள். 1975-இல் தெற்கையும் விட்டுக் கடல் கடந்தவர்கள். பேராயர் பிலிப் ஹன்னனின் அழைப்பால் நியூ ஆர்லியன்சில் குடியேறி, கால்வாய்க் கரைகளில் தம் நாட்டுக் கீரைகளைப் பயிரிட்டு, ‘வியட்நாமின் அரசி மரியா’ என்ற பெயரில் பங்கு அமைத்து வாழ்ந்தனர். இப்போது மூன்றாம் முறையாக வீடிழந்து, ஹூஸ்டனிலும் பிற ஊர்களிலும் சிதறினர்.

அவர்களுக்குப் பெருஞ்செல்வம் இல்லை. அரசியல் செல்வாக்கும் இல்லை. ஆனால் ஓர் ஒழுங்கு இருந்தது. பங்கு ஏழு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வட்டாரந்தோறும் பொதுநிலைத் தலைவர்கள் இருந்தனர். எந்தக் குடும்பம் எந்த ஊரில் எவர் வீட்டில் தங்கியுள்ளது என்பதை அவர்கள் அறிவர். பங்குத்தந்தை முகாம் முகாமாகச் சென்று மக்களைச் சந்தித்தார். அக்டோபர் 9 அன்று, மின்சாரமும் குடிநீரும் இல்லாத அப்பகுதியில், சேதமுற்ற ஆலயத்தில் முதல் திருப்பலி நடந்தது. ஏறத்தாழ 300 பேர் வந்தனர். அம்மாதம் முடிவதற்குள் அத்தொகை 2,000-ஐக் கடந்தது.

மின்சாரம் கேட்டபோது, இணைப்புப் பெறப் போதிய மக்கள் இருக்கிறார்களா என்று நிறுவனம் வினவியது. பங்குத்தந்தை குடும்பங்களின் பட்டியலையும், திருப்பலியில் கூடிய மக்களின் நிழற்படங்களையும் காட்டினார். நவம்பரில் விளக்கு எரிந்தது. கூடி வழிபடும் மக்களே அங்கே சான்றுப் பத்திரமாயினர்!

2006 தொடக்கத்தில் மற்றொரு சோதனை வந்தது. நகரத்தின் இடிபாட்டுக் குப்பைகளைக் கொட்டுவதற்கு அவர்களின் குடியிருப்புக்கு அருகிலேயே இடம் ஒதுக்கப்பட்டது. அதுவரை அதிகாரத்தின்முன் வாய் திறவாத முதியோர், நகர மன்றத்தின் வாயிலில் நின்றனர். ஆங்கிலம் அறிந்த இளைஞர் அவர்களுக்கு மொழிபெயர்த்தனர். அருகில் வாழ்ந்த கறுப்பின மக்களும் அவர்களோடு கைகோத்தனர். ஆகஸ்டில் அக்குப்பைமேடு மூடப்பட்டது. 2007-க்குள் அக்குடியிருப்பின் வியட்நாமியரில் பத்தில் ஒன்பது பேர் திரும்பிவிட்டனர். 2008 இறுதியில் அப்பங்கைச் சேர்ந்த ஜோசப் காவ், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் வியட்நாமியர் ஆனார்.

அதே நகரின் ‘கீழ் ஒன்பதாம் வட்டம்’ என்னும் பகுதியின் நிலை வேறு. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். பலர் தலைமுறையாகச் சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள். வீடு கட்ட அரசு அளித்த உதவித்தொகையோ, பழுதின் செலவு, புயலுக்கு முந்தைய வீட்டின் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதனை அளவுகோலாகக் கொண்டது. ஏழைப் பகுதியில் வீட்டின் விலை குறைவு. ஆனால் செங்கல்லும் மரமும் எல்லோருக்கும் ஒரே விலைதானே? ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம். கிடைத்த தொகையோ வேறு. வழக்குத் தொடரப்பட்டு 2011-இல் உடன்பாடு காணப்பட்டதற்குள், பலர் வேறூர்களில் வேரூன்றிவிட்டனர். ஆகவே, ஒற்றுமை இருந்தால் எவரும் எழலாம் என்று எளிதாகச் சொல்லி, எழ இயலாதவர்களைக் குறைகூறுவது தவறு. ஒற்றுமையும் வேண்டும், நீதியும் வேண்டும்.

நம் பங்குகளுக்கு ஒரு சொல்

இவ்விரு நகரங்களின் வரலாற்றில் நம் கடலோரப் பங்குகள் தம் முகத்தைக் கண்டுகொள்ளும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய கடல், இடிந்த ஆலயச் சுவர்களை இன்றும் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே மூன்று கருத்துகளை வாசகர்முன் வைக்கிறோம்.

முதலாவது, எச்சரிக்கையைக் கேட்கும் பணிவு. செபிக்கும் கரங்கள் செய்தியைக் கேட்கும் செவிகளுக்கு மாற்றாகா. அருட்தந்தை வீன்யேஸ் திருப்பலி நிறைவேற்றிய கையாலேயே மேகங்களின் போக்கைக் குறித்து வைத்தார். இரண்டும் ஒரே இறைவனுக்கு அவர் செய்த பணி. வெளியேறுமாறு அறிவிப்பு வந்தால், வீட்டையும் படகையும் விட உயிர் பெரிது என்று நம் ஆலய மணிகளே முதலில் ஒலிக்கட்டும்.

இரண்டாவது, நம் அன்பியங்கள். செபமாலை சொல்வதற்கும் விவிலியம் வாசிப்பதற்கும் கூடும் அக்குழுக்களிடம் இன்று ஒரு பட்டியல் இருக்கிறதா? நடக்க இயலாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார்? பிள்ளைப்பேறு நெருங்கிய பெண் யார்? தனித்து வாழும் கைம்பெண் யார்? அடுத்த வீட்டு இந்துச் சகோதரரும் இசுலாமியச் சகோதரரும் அப்பட்டியலில் உண்டா? ஏழு வட்டாரங்களின் பெயர்ப் பட்டியல் ஒரு சிதறிய பங்கை மீண்டும் கூட்டியது. அதற்குச் செலவு ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதுமே.

மூன்றாவது, துயர்துடைப்பில் நீதி. புயலுக்குப்பின் நிவாரணம் பங்கிடுவோர், குரல் உயர்த்திக் கேட்பவருக்கு முதலில் கொடுப்பது எளிது. வாடகை வீட்டில் இருந்தவர், நிலப் பத்திரம் இல்லாதவர், வலையும் கட்டுமரமும் இல்லாமல் கூலிக்குக் கடலுக்குச் செல்பவர் ஆகியோர் பட்டியலின் கடைசியில் நிற்பர். பல வேளைகளில் பட்டியலிலேயே இரார். அவர்களிடமிருந்து தொடங்குவதே கிறிஸ்தவ முறை. அரிசியோடு வலையையும், உடையோடு நாற்றையும் கொடுப்போமாக.

மணல்மேல் கட்டிய வீட்டையும் பாறைமேல் கட்டிய வீட்டையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். இரண்டு வீட்டின்மேலும் மழை பெய்தது, காற்று மோதியது. விசுவாசிக்குப் புயல் வராது என்று அவர் சொல்லவில்லை. கால்வெஸ்டன் மக்களுக்குப் பாறை கிடைக்கவில்லை. மணல்மேல் வாழ்ந்த அவர்கள், தம் கையாலேயே அந்நிலத்தை உயர்த்திக்கொண்டனர். வரும் செப்டம்பர் 8 அன்று அன்னையின் விழாவை நம் ஊரில் கொண்டாடும்போது, கயிற்றால் பிணைக்கப்பட்ட அந்தப் பத்துக் கன்னியரையும் தொண்ணூறு குழந்தைகளையும் ஒரு கணம் நினைப்போம். பிறகு அன்று மாலையே, நம் அன்பியத்தின் குறிப்பேட்டில் முதற்பெயரை எழுதத் தொடங்குவோம்.